மெக்சிகோவின் சிமினியா... நம்ம ஊர் மண் அடுப்பு! மொட்டை மாடியில் தீ மூட்டும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

மார்கழி பிறந்துவிட்டால் திருவான்மியூர் மொட்டை மாடிகளுக்குத் தனி மவுசு வந்துவிடும். கடற்காற்று, லேசான பனி, கையில் சூடாக ஒரு டம்ளர் காபி. கூடவே ஓர் அடுப்பும் கனன்றுகொண்டிருந்தால் எப்படி இருக்கும் என்ற ஆசையில் செல்போனில் தேடுபவர்களின் கண்ணில் தவறாமல் படுகிற பொருள் ஒன்று உண்டு. பானை போல உப்பிய வயிறு, அதில் வாய் பிளந்தது போல ஒரு திறப்பு, மேலே நீண்ட கழுத்து, கீழே மூன்று கால் இரும்பு ஸ்டாண்டு. அதன் பெயர் சிமினியா. மெக்சிகோ நாட்டின் மண் கணப்பு அடுப்பு.

பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால், சென்னைக்கு ஒத்துவருமா? மழைக்கும் உப்புக் காற்றுக்கும் தாங்குமா? புகை பக்கத்து வீட்டுக்குப் போகாதா? இதையே நம்ம ஊர் குயவரிடம் சொல்லிச் செய்துகொள்ள முடியாதா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சிம்னி விளக்கின் சொந்தக்காரர்

சிமினியா என்பது ஸ்பானிய மொழியின் 'சிமெனேயா' என்ற சொல்லிலிருந்து வந்தது. புகைபோக்கி, கணப்பு என்று பொருள். ஆங்கிலத்தின் 'சிம்னி'யும் இதே வேரில் பிறந்ததுதான். பாட்டி வீட்டு சிம்னி விளக்கும், இன்றைய மாடுலர் கிச்சனில் மாட்டியிருக்கும் சிம்னியும் பெயரளவில் இதற்கு உறவுக்காரர்கள்.

வேலை செய்யும் விதமும் அப்படியே. வயிற்றுக்குள் விறகு எரியும்போது சூடான காற்று லேசாகி, கழுத்து வழியே மேலே ஏறுகிறது. அது விட்டுச்சென்ற இடத்தை நிரப்ப, முன்பக்க வாய் வழியாகப் புதிய காற்று உள்ளே நுழைகிறது. விசிறி இல்லாமலே தீக்கு மூச்சு கிடைக்கிறது. புகை முகத்தில் அடிக்காமல் தலைக்கு மேலே போய்விடுகிறது. மண் சுவர் மெல்லச் சூடேறி, தீ அணைந்த பிறகும் கொஞ்ச நேரம் வெப்பத்தை விட்டுக்கொண்டிருக்கும்.

மெக்சிகோவில் இதன் தேவை உண்மையானது. அந்த நாட்டின் தலைநகரமான மெக்சிகோ சிட்டி, கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிட்டத்தட்ட நம்ம ஊட்டியின் உயரம். பகலில் வெயில் அடித்தாலும் இரவில் குளிர் வாட்டும். குளிர்காயவும், ரொட்டி சுடவும் மண் அடுப்பு அங்கே வீட்டுப் பொருளாக இருந்தது. குவாதலஹாரா நகரை ஒட்டிய தோனாலா போன்ற ஊர்கள் இன்றும் மண்பாண்டங்களுக்குப் பேர்போனவை. பிறகுதான் சிமினியா அமெரிக்கா, பிரிட்டன் என்று பயணப்பட்டுத் தோட்ட அலங்காரப் பொருளானது.

மூன்று கல், ஒரு தீச்சட்டி

ஸ்பானியர்கள் வருவதற்கு முன்பே மெக்சிகோ மக்களின் வீட்டு நடுவில் மூன்று கற்களை வைத்த அடுப்பு இருந்தது. அதன்மேல் மண் தட்டை வைத்து மக்காச்சோள ரொட்டி சுட்டார்கள். நம்ம ஊர் மண் அடுப்பின் மேல் பானையைத் தாங்க மூன்று குமிழ்கள் இருக்குமே, அதே கணக்குதான். அங்குள்ள தியோதிவாகான் என்ற பழைய நகரத்தில், தலையில் தீச்சட்டி சுமந்த முதியவர் வடிவில் நெருப்புக் கடவுளின் கற்சிலைகள் கிடைத்திருக்கின்றன. மாரியம்மன் கோயில்களில் தீச்சட்டி ஏந்தி வருபவர்களைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சிலை அந்நியமாகத் தெரியாது.

நம்மிடமும் மண் அடுப்பில் வகைகள் ஏராளம். ஒற்றை அடுப்பு எல்லோருக்கும் தெரியும். அதன் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டிருப்பது கொடி அடுப்பு. பெரிய அடுப்பில் எரியும் தீயின் அனல், உள்ளே இருக்கும் துளை வழியாகப் பக்கத்து அடுப்புக்கும் போகும். இந்தப் பக்கம் சோறு கொதிக்கும், அந்தப் பக்கம் குழம்பு சுண்டும், விறகு செலவு ஒன்றுதான். மயிலாப்பூர், திருவல்லிக்கேணி வீடுகளில் ஒரு காலத்தில் கரி போட்டு விசிறிய குமுட்டி அடுப்பு இன்னொரு வகை. மலை ஊர்களில் குளிருக்குக் கரித்தணல் போட்டு வைக்கும் கணப்புச் சட்டி வேறு.

ஆக, மண்ணுக்குள் நெருப்பை அடக்கி வைக்கும் வித்தை இங்கே புதிது இல்லை. சிமினியாவில் இருக்கும் ஒரே புதுமை அந்த நீண்ட கழுத்துதான்.

மண் ஏன் விரிசல் விடுகிறது?

சிமினியா வாங்கியவர்கள் சொல்லும் முதல் புகார், 'ரெண்டாவது தடவை மூட்டினேன், விரிஞ்சுபோச்சு' என்பதாகவே இருக்கும். பொங்கலுக்கு வாங்கிய மண் அடுப்பு, அன்றைக்கே பிளந்துபோன அனுபவம் பல வீடுகளில் உண்டு. காரணம் ஒன்றுதான்: அவசரம்.

சுட்ட மண்ணில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைய இருக்கின்றன. மண்பானைத் தண்ணீர் குளிர்ச்சியாக இருப்பதற்கே அந்தத் துளைகள் வழியாக நீர் கசிந்து ஆவியாவதுதான் காரணம். இதே துளைகள், அடுப்பு சும்மா கிடக்கும்போது காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 1,700 மடங்கு விரியும். ஈரம் ஏறிய அடுப்பில் எடுத்த எடுப்பிலேயே பெரிய தீ மூட்டினால், உள்ளே பிறக்கும் ஆவி வெளியேற வழி இல்லாமல் சுவரைப் பிளந்துகொண்டு வரும்.

இன்னொரு காரணம், ஏற்றத்தாழ்வான சூடு. உள்பக்கம் கொதித்து விரிகிறது, வெளிப்பக்கம் குளிர்ந்தே இருக்கிறது. ஒரே சுவரின் இரண்டு பக்கங்கள் இரண்டு விதமாக இழுத்தால் நடுவில் விரிசல்தான். எரியும் அடுப்பில் தண்ணீர் ஊற்றி அணைப்பதும் இதே ஆபத்து.

குயவர்கள் இதை அனுபவத்தில் அறிந்தவர்கள். அதனால்தான் அடுப்புக்கான களிமண்ணில் மணல், உமி போன்றவற்றைச் சேர்த்துப் பிசைகிறார்கள். உமி சூளையில் எரிந்துபோய் நுண்ணிய இடைவெளிகளை விட்டுச்செல்லும். மணல், மண் சுருங்குவதைக் குறைக்கும். வனைந்த பிறகு நேரடி வெயிலில் வைக்காமல் முதலில் நிழலில் உலர்த்துவார்கள். அதன் பிறகே வெயில், கடைசியில் சூளை. சூளையில் 500 டிகிரியைத் தாண்டும்போது களிமண்ணின் உள்ளே கட்டுண்டிருக்கும் நீரும் வெளியேறிவிடும். அதற்குப் பிறகு அது தண்ணீரில் கரையாது. மண், பாண்டமாகிவிட்டது என்று அர்த்தம்.

முதல் தீ... சின்னத் தீ!

சிமினியாவோ, மண் அடுப்போ, புதிதாக வாங்கியதும் செய்ய வேண்டியவை இவை.

* ஒரு வாரம் மழை படாத, காற்றோட்டமான இடத்தில் வைத்து நன்றாக உலரவிடுங்கள்.

* சிமினியாவின் அடியில் சில அங்குல உயரத்துக்கு உலர்ந்த மணல் போடுங்கள். தீ நேரடியாக அடிமண்ணைத் தொடக் கூடாது.

* முதல் நாள் ஒரு கைப்பிடி சுள்ளி, ரெண்டு கொட்டாங்கச்சி போதும். எரிந்து முடிந்ததும் தானாக ஆறவிடுங்கள். முழுதாகக் குளிர்ந்த பிறகே அடுத்த தீ.

* ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, நான்கைந்து சின்னத் தீக்குப் பிறகே முழு அளவு விறகு.

* தீ எப்போதும் வயிற்றுக்குள்ளேயே அடங்கி இருக்க வேண்டும். கழுத்து வழியே ஜுவாலை எட்டிப்பார்த்தால் விறகு அதிகம் என்று பொருள்.

* அணைக்க மணல்தான். தண்ணீர் வேண்டாம்.

* மெல்லிய கீறல் விழுந்தால் பயப்பட வேண்டாம். மண் அடுப்பில் களிமண்ணைக் குழைத்துப் பூசிவிடலாம். கை விரல் நுழையும் அளவு பிளந்துவிட்டால் அதில் தீ மூட்டக் கூடாது. செடி வைத்துக்கொள்ளலாம்.

புது அடுப்பைச் சாணத்தால் மெழுகி, கோலம் போட்டு, நல்ல நாள் பார்த்துப் பற்றவைக்கும் பழக்கம் நம்மிடம் இருந்தது. மெழுகி, காயவைத்து, நாள் பார்ப்பதற்குள் அடுப்பு நன்றாக உலர்ந்துவிடும் என்பது அதில் கிடைத்த கூடுதல் பலன்.

கடற்கரை ஊருக்குத் தனி கவனம்

திருவான்மியூரில் சிமினியா வைப்பதில் சில சிக்கல்கள் உண்டு. முதலாவது ஈரம். ஜனவரியில்கூட சென்னை இரவுகள் 20 டிகிரிக்குக் கீழே அதிகம் இறங்குவதில்லை. குளிர்காயத் தேவையான நாட்கள் குறைவு. ஆனால் காற்றில் ஈரம் ஆண்டு முழுக்க அதிகம். ஒரு மாதம் சும்மா கிடந்த அடுப்பை மறுபடி மூட்டும்போது, புதிதாக வாங்கியது போலவே சின்னத் தீயில் தொடங்க வேண்டும்.

இரண்டாவது உப்பு. கடற்காற்றில் வரும் உப்பு மண்ணின் துளைகளுக்குள் படிந்து, உலரும்போது பொருமி மேல் பரப்பை உதிர வைக்கும். இரும்பு ஸ்டாண்டு துருப்பிடித்து ஒரு கால் இற்றுப்போனால், எரிகிற அடுப்பு அப்படியே சாய்ந்துவிடும். இரும்புக்குப் பதிலாகச் செங்கல் அடுக்கி மேடை கட்டுவது பாதுகாப்பு. தட்டோடு பதித்த மாடித்தரை சூட்டில் வெடிக்காமல் இருக்கவும் அது உதவும்.

மூன்றாவது மழை. வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அந்த மூன்று மாதமும் அடுப்பு கூரைக்குக் கீழே இருக்க வேண்டும். மாடியிலேயே வைப்பதாக இருந்தால் கழுத்தை மூடி, தார்ப்பாய் போர்த்த வேண்டும்.

பால்கனியில் வைக்கவே கூடாது. மாடியிலும் சுற்றிப் பாருங்கள். பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி, கேபிள் ஒயர், ஏ.சி-யின் வெளி யூனிட், துணி காயும் கொடி, தென்னை ஓலை... இவற்றிலிருந்து குறைந்தது பத்து அடி தள்ளி இருக்க வேண்டும். பக்கத்தில் ஒரு வாளி மணல். குழந்தைகள் இருந்தால் பெரியவர் ஒருவர் நகரவே கூடாது. அசம்பாவிதம் என்றால் தீயணைப்புத் துறைக்கு 101, அல்லது அவசர உதவிக்கு 112.

'அப்படியென்றால் பீச்சில் மூட்டலாமே' என்று தோன்றலாம். வேண்டாம். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரையிலான இந்த மணல்பரப்பு, பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் இடம். ஜனவரி தொடங்கி சில மாதங்கள் அவை கரையேறும். முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுகள் கடலின் வெளிச்சத்தைப் பார்த்தே வழி கண்டுபிடிக்கின்றன. கரையில் விளக்கோ, தீயோ தெரிந்தால் திசைமாறிப் போய்விடும். மாணவர்கள் கடல் ஆமை பாதுகாப்பு அமைப்பினர் 1988 முதல் இந்தக் கரையில் இரவுகளில் நடந்து முட்டைகளைக் காப்பாற்றி வருகிறார்கள்.

புகைக்கு வேலி கிடையாது

கழுத்து நீளமாக இருப்பதால் புகை நம் முகத்தில் அடிக்காது. ஆனால் அது காணாமல் போவதில்லை. அடுத்த வீட்டு இரண்டாம் மாடி ஜன்னலுக்குப் போகும். அந்த ஜன்னலுக்குப் பின்னால் ஆஸ்துமா உள்ள ஒரு பெரியவரோ, கைக்குழந்தையோ இருக்கலாம். 2018 போகிப் பண்டிகையன்று புகையும் பனியும் சேர்ந்து சென்னை விமான நிலையத்தில் விமானங்களையே தடுமாற வைத்தன. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் சின்னத் தீதான். பனி இறங்கும் காலையில் எல்லாம் சேர்ந்து கீழேயே தங்கிவிட்டது.

அதனால் எரிபொருளில் கவனம் வேண்டும். நன்றாக உலர்ந்த சவுக்குக் கட்டை, கொட்டாங்கச்சி, மரக்கரி ஆகியவை போதும். பச்சை விறகு, பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட், பிளாஸ்டிக், குப்பை எதுவும் கூடாது. கறுத்த புகை தொடர்ந்து வந்தால் விறகு ஈரமாக இருக்கிறது அல்லது காற்று போதவில்லை என்று அர்த்தம்.

மரக்கரியிலும் ஒரு மெக்சிகோ கதை இருக்கிறது. ராமநாதபுரம், விருதுநகர் பக்கம் சீமைக் கருவேல மரத்தை மூட்டம் போட்டுக் கரியாக்குகிறார்கள். அந்த மரமே மெக்சிகோவும் தென் அமெரிக்காவும் அடங்கிய பகுதியிலிருந்து வந்ததுதான். 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விறகுக்காக இங்கே கொண்டுவரப்பட்டு, கண்மாய்களையும் வயல்களையும் ஆக்கிரமித்தது. 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே அதை அகற்ற உத்தரவிடும் அளவுக்குப் போனது. அதன் உறவு மரங்களை மெக்சிகோவில் 'மெஸ்கீட்' என்பார்கள். அங்கும் அது விறகுக்கும் கரிக்கும் பேர்பெற்றது.

கரி புகையாது என்பதற்காக அதை அறைக்குள் கொண்டுபோய்விடாதீர்கள். எரியும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. மலை ஊர்களுக்குச் சுற்றுலா போய், கரி அடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கியவர்கள் எழுந்திருக்கவே இல்லை என்ற செய்திகள் அவ்வப்போது வந்துகொண்டுதான் இருக்கின்றன.

அம்மாக்களின் கண்ணீர்

மண் அடுப்புச் சமையலின் ருசியைப் பற்றிப் பேசும்போது மறந்துவிடக் கூடாத இன்னொரு பக்கமும் இருக்கிறது. அந்த ருசிக்கு விலை கொடுத்தவர்கள் பெண்கள். காற்று வராத சமையலறையில், ஊதுகுழலை வாயில் வைத்து, கண்ணைக் கசக்கிக்கொண்டே மூன்று வேளையும் சமைத்தவர்கள். வீட்டுக்குள் விறகு, சாணம், கரி போன்றவற்றை எரிப்பதால் உண்டாகும் காற்று மாசு, 2020-ல் உலக அளவில் சுமார் 32 லட்சம் உயிர்களைப் பறித்ததாக உலக சுகாதார அமைப்பு கணக்கிட்டிருக்கிறது.

இதை மாற்றும் முயற்சியில் புகைபோக்கி வைத்த மண் அடுப்புகள் இந்தியாவில் சுதந்திரம் பெற்ற காலத்திலிருந்தே வடிவமைக்கப்பட்டன. 1950-களில் ஹைதராபாத்தில் பொறியாளர் எஸ்.பி.ராஜு உருவாக்கிய புகையில்லா அடுப்பு பரவலாகப் பேசப்பட்டது. 1980-களில் மத்திய அரசே மேம்படுத்தப்பட்ட அடுப்புகளுக்குத் தேசிய அளவில் திட்டம் கொண்டுவந்தது. மெக்சிகோ சிமினியாவின் கழுத்து செய்கிற அதே வேலையைத்தான் அந்தப் புகைபோக்கிகளும் செய்தன. ஆனால் வீடு வீடாகப் புகையை விரட்டியது கடைசியில் கேஸ் அடுப்புதான்.

அதனால் மாடியில் மண் அடுப்பு வைப்பது வருஷத்தில் நாலைந்து நாள் கொண்டாட்டமாக இருக்கட்டும். மாடியில் அடுப்பு வைக்கும் அன்றாவது ஊதுகுழலை வீட்டு ஆண்கள் கையில் எடுக்கலாம்!

நம்ம ஊர் குயவர் செய்வாரா?

பொங்கல் நெருங்கும்போது திருவான்மியூர் மார்க்கெட் பக்கம் நடந்தால், கரும்புக்கும் மஞ்சள் கொத்துக்கும் பக்கத்தில் மண்பானைகளும் அடுப்புகளும் அடுக்கியிருப்பதைப் பார்க்கலாம். வடசென்னைப் பக்கம் கொசப்பேட்டை, குயவர்களால் பேர்பெற்ற இடம். சிவகங்கை மாவட்டம் மானாமதுரை, கடத்துக்கும் மண்பாண்டத்துக்கும் புகழ்பெற்றது. மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

உயரமாக, உள்ளே கூடாக மண்ணில் வனைவது நம்மவர்களுக்குக் கைவந்த கலை. நெல் கொட்டி வைத்த குதிர்கள், புதுக்கோட்டை பக்கத்து ஐயனார் கோயில்களில் ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் மண் குதிரைகள், ஆதிச்சநல்லூரில் கிடைத்த தாழிகள் எல்லாமே அதற்குச் சாட்சி. மண் குதிரைகளைப் பகுதி பகுதியாகச் செய்து இணைப்பது போல, வயிற்றைத் தனியாக, கழுத்தைத் தனியாக வனைந்து, ஈரம் இருக்கும்போதே ஒட்டிவிட்டால் அதுதான் சிமினியா. கடல் கடந்து, உடையாமல் வந்துசேர வேண்டுமே என்ற கவலை கிடையாது. விரிசல் விட்டால் கேட்க ஆளும் உண்டு.

ஆர்டர் கொடுக்கும்போது சில விஷயங்களைச் சொல்லிவிடுங்கள். அலங்காரப் பொருள் அல்ல, உள்ளே தீ எரியப்போகிறது என்பதை முதலில் தெளிவாகச் சொல்ல வேண்டும். மண் கலவையும், சுவரின் கனமும் அதைப் பொறுத்து மாறும். பெயின்ட் அடிக்கச் சொல்லாதீர்கள், சூட்டில் பொசுங்கி நாறும். வாங்கும்போது விரலால் தட்டிப் பாருங்கள். 'ணங்' என்று ஒலித்தால் நன்றாக வெந்திருக்கிறது. சத்தம் மழுங்கினால் எங்கேயோ கீறல் இருக்கிறது.

மண்பாண்டம் நேரில் உருவாவதைக் குழந்தைகளுக்குக் காட்ட நினைப்பவர்கள், கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் இருக்கும் தட்சிணசித்ராவுக்கு ஒரு நடை போய்வரலாம். 1996-ல் தொடங்கப்பட்ட இந்த அருங்காட்சியகத்தில், தென்னிந்தியாவின் பழைய வீடுகளை அப்படியே பெயர்த்துக்கொண்டு வந்து எழுப்பியிருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை மட்டும் விடுமுறை.

சித்திரையில் சொல்லுங்கள், மார்கழியில் மூட்டுங்கள்

குயவர்களின் பெரிய கவலை, களிமண்ணும் காலநிலையும். நகரத்தை ஒட்டிய ஏரிகள் சுருங்கிவிட்டதால் மண் எடுக்கத் தூரம் போக வேண்டியிருக்கிறது. 2024-ல், ஏரி, குளங்களிலிருந்து விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் இலவசமாக மண் எடுக்க வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி பெறலாம் என்று தமிழக அரசு நடைமுறையை எளிதாக்கியது. மழைக்காலத்தில் வனைந்தது காயாது, சூளை வைக்க முடியாது. அந்த மாதங்களுக்காகவே அரசு நிவாரணத் தொகை கொடுக்கிறது.

ஆனால் அவர்களுக்கு முக்கியமான பொங்கல் வியாபாரம், மழைக்காலம் முடிந்த கையோடு வந்து நிற்கிறது. டிசம்பர் கடைசியில் எல்லோரும் ஒரே நேரத்தில் அடுப்பு கேட்டால், சரியாக உலராத மண் அவசரமாகச் சூளைக்குப் போகும். அந்த அடுப்புதான் பொங்கலன்று பிளக்கும். குயவருக்குக் கெட்ட பெயர், நமக்குச் சகுனம் சரியில்லை என்ற வருத்தம்.

இதற்கு வழி எளிது. மொட்டை மாடிக்கு சிமினியா வேண்டுமோ, பொங்கலுக்கு அடுப்பு வேண்டுமோ, சித்திரை வெயிலிலேயே சொல்லிவிடுங்கள். குயவரின் கைக்கு வேலை குறைவான நேரத்தில் வருமானம். மண்ணுக்கு நிதானமாக உலர அவகாசம். வாங்கி வந்து, வீட்டில் நாலு சின்னத் தீ மூட்டிப் பழக்க உங்களுக்கும் நேரம். மார்கழிக் குளிரில் அது விரிசல் இல்லாமல் கனலும், தைப் பொங்கல் அன்று பானையும் தைரியமாக அதன்மேல் ஏறும்.